வாரிசு இல்லாத வள்ளல் குடும்பம்

மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் வந்துவிட்டால் நமது ஜாம்ஷெட்பூரில் இரவும் பகலாகிவிடும். ஜூபிலிப் பூங்காவில் மரந்தோறும் விளக்குகள் மின்னும், நீரூற்றுகள் வண்ணங்காட்டும். சாக்சியிலிருந்தும், பிஸ்டுபூரிலிருந்தும், நமது ரயில்வே காலனியிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் புளியோதரைப் பொட்டலங்களுடன் புறப்பட்டுவிடும். 1839ஆம் ஆண்டு இந்நாளில் பிறந்த ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாடாவின் நினைவுக்கு இந்நகரம் எடுக்கும் திருவிழா அது.

இவ்வாண்டு அந்தக் கூட்டத்தில், நமது தோளில் அமர்ந்திருந்த இளைய மகள் சிலையைச் சுட்டிக்காட்டி, “அப்பா, இந்தத் தாத்தாவுக்குப் பேரன் பேத்தி எல்லாம் எங்கே இருக்கிறார்கள்? அவர்களும் விளக்குப் பார்க்க வருவார்களா?” என்று கேட்டாள். உடனே விடை சொல்ல நமக்கு இயலவில்லை. வீடு வந்து, கையிலிருந்த நூல்களையும் சங்க நூலகத்து நூல்களையும் புரட்டிய பின்னரே விடை தெரிந்தது. அத்தாத்தாவுக்குப் பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை. மக்கள் இருவர், இருவருக்கும் குழந்தை இல்லை.

அன்பர்களே, நம்மவரிடையே வாரிசு என்னும் சொல்லுக்குள்ள வலிமையை நாம் அறிவோம். வீடு மகனுக்கு, நகை மகளுக்கு, பாட்டனார் பெயர் பேரனுக்கு என்று முறை வகுத்து வைத்திருக்கிறோம். ஈகைக்கு வாரிசு யார்? கடையெழு வள்ளல்களைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோம். பறம்புமலைப் பாரி மாண்டபின் அவனுடைய கொடை என்னவாயிற்று? அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் மன்னர் வாயில்தோறும் சென்ற துயரமே நமக்குக் கிடைத்த வரலாறு. பாரியின் ஈகை பாரியோடு முடிந்தது. நாம் உண்ணும் சோற்றோடு தொடர்புடைய இந்தக் குடும்பத்தின் ஈகையோ, பெற்ற பிள்ளை இல்லாமலே நூறாண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. அது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குஜராத்திலுள்ள நவ்சாரி என்னும் ஊரில், பார்சி மதகுருமார் மரபில் தோன்றியவர் ஜம்ஷெட்ஜி. தந்தையார் நசர்வான்ஜியே அம்மரபில் முதன்முதல் வாணிபத்தில் இறங்கியவர். மகனார் 1877இல் நாகபுரியில் பஞ்சாலை தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். நம் நாட்டுச் செல்வர் பலரும் ஈட்டினர். சத்திரமும் குளமும் கட்டினர். ஜம்ஷெட்ஜியின் போக்குச் சற்று வேறு. பசித்தவனுக்குச் சோறிடுவது நன்று. ஆயினும், திறமையுள்ளவனை மேலே தூக்கிவிட்டால் அவனால் நாட்டில் பலர் பசி தீரும் என்பது அவர் கொள்கை. 1892இல், இந்திய மாணவர் வெளிநாடு சென்று உயர்கல்வி பெறுவதற்கென ஒரு நிதியை ஏற்படுத்தினார். அதன் முதற்பயனை அடைந்தோருள் மருத்துவம் படிக்கச் சென்ற பெண்மணிகளும் இருந்தனர். 1892ஆம் ஆண்டில் என்பதைக் கவனிக்க வேண்டும்!

அந்நிதியின் சிறப்பு அதன் தொகையில் இல்லை, விதியில் இருக்கிறது. அது தானமன்று, கடன். படித்து முடித்து வேலைக்குச் சென்றவர் வாங்கியதைத் திருப்பிச் செலுத்துவார்; அத்தொகை அடுத்த மாணவருக்குச் செல்லும். கேரளத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன் 1945இல் லண்டனுக்குப் படிக்கச் சென்றது இந்நிதியின் துணையால்தான். நிதியை ஏற்படுத்தியவர் மறைந்து அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைப் படித்தபோது நமக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. இராசராசன் காலத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்ற ஆயர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும், குட்டியும் போடும். கணக்கில் மட்டும் 96 என்றும் 96ஆகவே நிற்கவேண்டும். ஆகையால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று நம் முன்னோர் கல்லில் வெட்டினர். முதல் குறையாது, அதன் பயன் மட்டும் வழங்கிவரும் ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல பெயர் எந்த மொழியில் உண்டு? டாடா குடும்பத்தாருக்கு இக்கல்வெட்டுத் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் அவர்கள் வளர்த்தது அந்த ஆட்டு மந்தையைத்தான்.

1898இல் ஜம்ஷெட்ஜி அதனினும் பெரிய காரியத்தில் இறங்கினார். இந்தியாவில் உயர்ந்த விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் ஒன்று வேண்டும் என்று, பம்பாயிலிருந்த தம் கட்டடங்களையும் நிலங்களையும் ஒதுக்கினார். அவற்றின் மதிப்பு 30 லட்சம் ரூபாய். அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள், புதிதாக வந்திறங்கிய வைசிராய் கர்சன் பிரபுவிடம் குழுவினர் திட்டத்தைச் சமர்ப்பித்தனர். கர்சன் பிரபுவுக்கு ஐயமே மிகுந்தது. இங்கே அத்தகைய படிப்புக்கு மாணவர் கிடைப்பார்களா, படித்தவர்க்கு வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேள்விகள் கிளம்பின. கோப்பு நகர்ந்தது, நின்றது, மீண்டும் நகர்ந்தது. அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு அது வியப்பன்று. 1904ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் ஜெர்மனியில் ஜம்ஷெட்ஜி காலமானார். அதுவரை கழகத்திற்கு ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை.

இங்கேதான் நம் மகள் கேட்ட கேள்விக்குரிய கட்டம் தொடங்குகிறது. தந்தை கண்ட கனவு அரசாங்கத்தின் மேசையில் கிடக்கிறது. அச்சொத்தை மக்கள் இருவரும் வைத்துக்கொண்டிருக்கலாம். ‘அப்பா ஏதோ சொன்னார்; சர்க்கார் ஒப்பவில்லை’ என்று சொன்னால் ஊர் ஒன்றும் குறைசொல்லியிராது. மூத்தவர் தொராப்ஜியும் இளையவர் ரத்தனும் அவ்வாறு செய்யவில்லை. தந்தை சொன்னபடியே சொத்தை ஒப்படைத்தனர். மைசூர் அரசு பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1909 மே 27இல் ஆணை பிறந்தது. 1911இல் மாணவர் சேர்ந்தனர். நம் திருச்சிராப்பள்ளி மண்ணில் பிறந்த சர் சி. வி. இராமன் 1933இல் அதன் முதல் இந்திய இயக்குநராக அமர்ந்தார். இன்றும் பெங்களூரில் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்றால் ஆட்டோக்காரர் வழி சொல்வார்.

தொராப்ஜியின் மற்றொரு கடமை இந்நகரம். இடம் எதுவென்று தெரிவதற்கு முன்பே, 1902இல், ஜம்ஷெட்ஜி மகனுக்கு எழுதிய கடிதத்தில் அகன்ற தெருக்களும், விரைந்து வளரும் நிழல்மரங்களும், விளையாட்டுத் திடல்களும், எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடங்களும் வேண்டும் என்று குறித்திருந்தார். நம் காலனிப் பிள்ளைகள் பந்தாடும் திடல் முதலில் அக்கடிதத்தில்தான் போடப்பட்டது எனலாம்.

ரயில்வே ஊழியராகிய நாம் ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. அக்காலத்து ரயில்வேத் தலைமை ஆணையர் சர் பிரடெரிக் அப்காட், டாடாக்கள் தரமான தண்டவாளம் செய்தால் அதில் ஒவ்வொரு பவுண்டையும் தாமே தின்றுவிடுவதாகச் சொன்னாராம். 1912இல் இங்கே எஃகு வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரின்போது மெசபொத்தேமியா முதலிய களங்களுக்கு 1,500 மைல் நீளத் தண்டவாளம் இங்கிருந்து சென்றது. அப்காட் துரை சொன்னபடி தின்றிருந்தால் அவருக்குச் சற்று அஜீரணம் கண்டிருக்கும் என்று தொராப்ஜி நகைத்தார். 1919 ஜனவரி 2இல் செம்ஸ்போர்டு பிரபு இங்கு வந்து, சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். நாம் நாள்தோறும் கையெழுத்திடும் காளிமாட்டி நிலையம் டாடாநகர் ஆயிற்று.

போருக்குப்பின் விலை வீழ்ந்தது. 1924இல் ஆலைத் தொழிலாளர் சம்பளத்திற்கே பணமில்லை என்னும் நிலை வந்தது. தொராப்ஜி தம் சொந்தச் சொத்து முழுவதையும் இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்து, ஒரு கோடி ரூபாய் கடன்பெற்று ஆலையை மீட்டார். ஈடுவைத்தவற்றுள் அவருடைய மனைவியார் மெஹர்பாய் அணியும் ஜூபிலி வைரமும் ஒன்று. 245 காரட் எடையுள்ள அது, கோகினூரைப்போல இருமடங்குக்கும் மேல். அம்மையார் மனமுவந்து கழற்றிக் கொடுத்த அவ்வைரம் வங்கிப் பெட்டகத்திற்குப் போய்த் திரும்பியது. நம் வீட்டுப் பெண்மணிகள் பள்ளிச் சம்பளத்திற்கென வளையலைக் கழற்றித் தரும்போது முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அதன் அருமை காரட் கணக்கில் இல்லை என்பது தெரியும்.

1931 ஜூன் மாதம் மெஹர்பாய் அம்மையார் இரத்தப் புற்றுநோயால் காலமானார். பிள்ளையில்லாத கணவர் தனியரானார். ஓராண்டு நிரம்புமுன், 1932 மார்ச்சு 11இல், ஜூபிலி வைரம் உட்படத் தம் செல்வத்தை அறக்கட்டளையாக எழுதிவைத்தார். சாதி, சமயம், நாடு என்ற வேறுபாடு எதுவும் அதில் இல்லை. மனைவியார் பெயரால் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென மற்றோர் அறக்கட்டளையும் ஏற்படுத்தினார். அவ்வாண்டு ஜூன் 3இல், இங்கிலாந்திலிருக்கும் மனைவியாரின் கல்லறையைக் காணச் செல்லும் வழியில், தந்தையைப் போலவே ஜெர்மன் மண்ணில் உயிர் நீத்தார். வைரம் பின்னர் விற்கப்பட்டு அறத்தின் கணக்கில் சேர்ந்தது.

அந்த மந்தை ஈன்ற குட்டிகளைப் பாருங்கள். 1936இல் பம்பாயில் சமூகப்பணிக் கல்லூரி. 1941 பிப்ரவரி 28இல் புற்றுநோய் மருத்துவமனை. 1945இல் அடிப்படை விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம். கடைசியாகச் சொன்னதற்கு அறக்கட்டளையாரை நாடி விண்ணப்பம் எழுதிய இளைஞர் ஹோமி பாபா, மெஹர்பாயின் உடன்பிறந்தார் மகன். அத்தை வீட்டுச் செல்வம் மருமகன் கையில் நாட்டின் அணுவிஞ்ஞானமாயிற்று. பம்பாய் மருத்துவமனை இப்போது அணுசக்தித் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நமது காலனியிலிருந்தே மருத்துவச் சீட்டுடன் பரேலுக்குச் சென்றவர்கள் உண்டு. நம் நகரிலும் மெஹர்பாய் பெயரால் புற்றுநோய் மருத்துவமனை நடக்கிறது.

இனி இளையவர் ரத்தன் டாடா. தமிழராகிய நாம் இவரைத் தனியே நினைத்தல் தகும். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் இந்தியர் காந்தியடிகள் தலைமையில் சத்தியாக்கிரகம் நடத்தியபோது, சிறை சென்றவர்களுள் தமிழர் பெரும்பங்கினர். கூடைசுமந்து காய்கறி விற்றவர்களும், எளிய தொழிலாளர்களும் சிறைக்குள் சென்றபோது வெளியே அவர்தம் பெண்டு பிள்ளைகள் பசித்திருந்தனர். 1909 இறுதியில் காந்தியடிகளின் கை வறண்டிருந்த வேளையில், பம்பாயிலிருந்து ரத்தன் டாடாவின் 25,000 ரூபாய் வந்து சேர்ந்தது. பின்னரும் அவர் அனுப்பினார். மறுஆண்டு, ஜெர்மானிய நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. அங்கே சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் ஒரே அடுப்பில் உண்டன. தமிழ்க் குழந்தைகளுக்குக் காந்தியடிகளே தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் பாடம் சொன்னார். போப்பையரின் தமிழ்க் கைநூலே அவருக்குத் துணை. அப்போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சிறைசென்று நோயுற்று, 1914 பிப்ரவரியில் பதினாறாம் வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நம் குழந்தைகள் பாடப் புத்தகத்தில் காணாமல் போகலாம். வீட்டிலாவது நாம் சொல்லவேண்டும்.

காந்தியடிகள் அந்த உதவியை மறக்கவில்லை. 1925 ஆகஸ்டு 8இல் தீனபந்து ஆண்ட்ரூசுடன் இந்நகருக்கு வந்தபோது, தென்னாப்பிரிக்காவில் முதன்முதல் கைகொடுத்தவர் ரத்தன் டாடாவே என்று கூட்டத்தில் எடுத்துரைத்தார். கேட்கவேண்டியவர் அப்போது இல்லை. 1918 செப்டம்பர் 5இல், 47ஆம் வயதில் அவர் இங்கிலாந்தில் மறைந்திருந்தார். பாடலிபுத்திர அகழ்வாய்வுக்கும், லண்டனில் வறுமையைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் பொருளளித்த அவருடைய செல்வம் 1919இல் அறக்கட்டளையாயிற்று.

அவருக்கும் பிள்ளையில்லை என்றோம். மனைவியார் நவாஜ்பாய் அம்மையார் ஒரு காரியம் செய்தார். நமக்கு இவ்வரலாற்றிலேயே மிகப் பெரியதாகத் தோன்றுவது அதுதான். நவல் என்று ஒரு சிறுவன், தூரத்து உறவு. ஆலையில் வேலைபார்த்த தந்தை அவனது நான்காம் வயதில் இறந்தார். தாயார் தையல்வேலை செய்து காப்பாற்ற முயன்றார், முடியவில்லை. பையன் பம்பாயில் பார்சி அனாதை விடுதியில் சேர்க்கப்பட்டான். பதின்மூன்று வயதில் அவ்விடுதியிலிருந்து அவனை நவாஜ்பாய் அம்மையார் அழைத்து வந்து மகனாக ஏற்றார். அறத்தின் சோற்றில் வளர்ந்த பிள்ளை அறம் செய்யும் வீட்டிற்கு மகனானான். பிற்காலத்தில் ரத்தன் டாடா அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பையும் அந்த நவல் டாடாவே ஏற்றார். 1937இல் பிறந்த அவருடைய மகனுக்கு இட்ட பெயர், தாம் கண்ணாலும் நெருங்கிப் பழகியிராத அந்த ரத்தனின் பெயரே. பெற்றோர் பிரிந்தபின் பேரனை வளர்த்தவர், 1965 வரை வாழ்ந்த நவாஜ்பாய்ப் பாட்டியார். நாம் அறிந்த ரத்தன் டாடா அவர். மணமே செய்துகொள்ளாமல் 2024 அக்டோபர் 9இல் மறைந்தார்.

நடுவே ஜே. ஆர். டி. டாடா ஒருவரையும் சொல்லவேண்டும். அவர் உறவினர் கிளையில் தோன்றியவர். 1944இல் தம் பெயரால் அறக்கட்டளை வைத்தவர். 1992இல் பாரத ரத்தினம் பெற்றவர். அவருக்கும் பிள்ளை இல்லை. ஆக, குழுமத்தின் தாய்க் கம்பெனியாகிய டாடா சன்ஸின் பங்குகளில் ஏறக்குறைய 66 விழுக்காடு இன்று அறக்கட்டளைகளின் கையில் இருக்கிறது. உப்பும் தேயிலையும் எஃகும் விற்று வரும் இலாபத்தில் ஒரு பங்கு, எவர் வீட்டுக்கும் போகாமல், அம்மந்தைக்கே போகிறது.

இவ்வாறு எழுதுவதால் நாம் ஒருபக்கம் மட்டும் பார்ப்பதாக எண்ணவேண்டா. இந்நகரம் எழுந்த மண் ஆதிவாசி மக்களின் வயலும் காடுமாக இருந்தது. இதே ஆலையில் 1920இலும் 1928இலும் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தங்கள் செய்தனர். அவர்களுக்குக் குறையில்லாமல் இல்லை. உலையின் அனலில் நின்ற நம் பாட்டன்மாரின் வியர்வையும் அந்த அறக்கட்டளையின் முதலில் ஒரு பங்கே. அவர்கள் பெயரால் விளக்கேற்றும் நாள் ஒன்றும் நாட்காட்டியில் இல்லை.

அத்தகைய பாட்டன்மாருள் ஒருவர், ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், நமது சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கினார். சிவப்புத் துணி அட்டை. முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி. காலனிப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் சங்கத்திலிருந்து கடன் கொடுக்கவேண்டும், வேலைக்குச் சென்றதும் திருப்பவேண்டும், வட்டி இல்லை. டாடா நிதியின் விதியைத்தான் அவர் நம் அளவுக்குச் சுருக்கி வைத்திருந்தார் என்பது, இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் நமக்கு விளங்கியது. பெரியவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவருடைய மக்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

சென்ற மாதம் செயலாளர் அந்நோட்டை நம்மிடம் காட்டினார். காலனியில் ஒரு பெண் செவிலியர் படிப்பில் சேர இடம் பெற்றிருக்கிறாள். நிதியில் கொடுக்கப் பணம் இல்லை. திருப்பியவர் பெயருக்கு எதிரே பச்சை மையில் ஒரு கோடு உண்டு. பச்சைக்கோடு இல்லாத பெயர்களே மிகுதி. 1996ஆம் ஆண்டுப் பக்கத்தில் நான்காவது வரியில் நமது பெயர் இருந்தது: மெட்ரிக் தேர்வுக் கட்டணமும் புத்தகமும், ரூ. 340. எதிரே கோடில்லை. அவ்வாண்டு நம் தந்தையார் இறந்தார், பின்னர் வேலை கிடைத்தது, மணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தனர். மறந்தோம் என்று சொல்லலாம். உண்மையில், சிலமுறை நினைவு வந்தது. யாரும் கேட்கவில்லை என்று இருந்துவிட்டோம். 96 ஆடுகளில் ஓர் ஆடு நமது தொழுவத்தில் செத்துக்கிடந்தது.

28 ஆண்டுகளுக்கு முந்தைய 340 ரூபாய் இன்று எவ்வளவு என்று கணக்கிட நமக்குத் தெரியவில்லை. தெரிந்த தொகையை, நம் மனைவியார் இரண்டு சீட்டுத் தவணை தள்ளிப்போட்டுக் கொடுத்ததையும் சேர்த்து, செயலாளரிடம் கொடுத்தோம். அவர் பச்சைமைப் பேனாவைத் தேடினார், மை காய்ந்திருந்தது. இளைய மகள் தன் வண்ணப் பென்சில் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.